விடால் பாசிட்டிவ் என்றால் டைபாய்டுதானா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது, எடை 20 கிலோ. ஞாயிற்றுக்கிழமை மாலை காய்ச்சல் தொடங்கியது. புதன்கிழமை பக்கத்துக் கிளினிக்கில் விடால் டெஸ்ட் எடுத்துவிட்டு, ‘ஓ 1:80, எச் 1:160, டைபாய்டு’ என்றார்கள். அன்று மாலை முதல் செஃபிக்சிம் 100 மில்லிகிராம் காலையும் மாலையும் கொடுத்துவருகிறேன். இன்று சனிக்கிழமை. இன்னும் 102 டிகிரி வரை ஏறுகிறது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. அட்மிட் செய்து ஊசி போடலாம் என்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லையா? என் மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதலில் இன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு மகளை இன்றே அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கேயே போகலாம். அடுத்த வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிடும்படி கேளுங்கள். ஏழாம் நாளும் 102 டிகிரி, கூடவே வயிற்றுப்போக்கு என்றால் அட்மிட் செய்யச் சொன்னது மிகையான பேச்சு அல்ல. குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவர் அதை முடிவு செய்யட்டும். எந்த நோய்க்கு ஊசி என்பது தெரியாமலே ஊசி தொடங்குவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

இனி உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட். பாரிஸ் மருத்துவர் ஃபெர்னாண்ட் விடால் 1896-இல் இந்தச் சோதனையை வெளியிட்டார். இது கிருமியைக் காட்டுவதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைக் காட்டுகிறது. லேபில் ஒரு தகட்டின் மேல் ரத்தச் சீரம் ஒரு சொட்டு, அதன்மேல் சாயமேற்றிய செத்த கிருமிக் கரைசல் ஒரு சொட்டு விடுவார்கள். ‘ஓ’ என்பது கிருமியின் மேலுறைப் பகுதி, ‘எச்’ என்பது அதன் வால் பகுதி; பெரும்பாலும் ‘ஓ’வுக்கு நீலம், ‘எச்’சுக்குச் சிவப்பு. குச்சியால் கலந்து ஒரு நிமிடம் தகட்டை ஆட்டினால், எதிர்ப்புப் பொருள் இருக்கும் சொட்டு பால் திரிவதுபோல் குருணை குருணையாகக் கட்டும். சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் அப்படித் திரிகிறது என்பதுதான் 1:80, 1:160 என்னும் கணக்கு.

இந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரியும்படி உயர்வதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். உங்கள் மகளுக்கு நான்காம் நாளே எடுத்துவிட்டார்கள். அன்று தெரிந்தது இந்தக் காய்ச்சலின் தடயமாக இல்லாமல், எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சமாகவோ முன்பு போட்ட தடுப்பூசியின் விளைவாகவோ இருக்கலாம். வேறு காய்ச்சல்கள்கூட இந்த எண்ணை ஏற்றிவிடுவதுண்டு. நம் ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் நன்றாக ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு விடால் எடுத்தாலும் சிலருக்கு 1:80 வரும். ஒரே ஒரு விடாலை வைத்து டைபாய்டு என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது. டைபாய்டே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று 2017 முதல் 2020 வரை நடத்திய ஆய்வில், டெல்லி, கொல்கத்தா, வேலூர் ஆகிய நகரப் பகுதிகளில் ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 576 முதல் 1173 பேர் வரை டைபாய்டு வருவதாகத் தெரிந்தது. அதில் நோயைக் கல்ச்சர் வைத்துத்தான் உறுதிசெய்தார்கள்.

எனக்கு இதில் இவ்வளவு அழுத்தம் ஏன் என்றால், ஒரு பையனை மறக்க முடியவில்லை. மார்கழிக் குளிரில், பத்து நாள் காய்ச்சலோடு வந்தான், ஒன்பது வயது. தந்தை வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் மூன்று இடங்களில் எடுத்த மூன்று விடால் ரிப்போர்ட்டுகள், மூன்றும் பாசிட்டிவ். ஐந்து நாள் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டாகிவிட்டது. சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கச் சொன்னேன். இடது அக்குள் மடிப்பில் சிகரெட் நுனியால் சுட்டதுபோல் ஒரு கருத்த பக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்கவில்லை, அரிக்கவில்லை, அது இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். புதர், வரப்புப் பக்கம் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் கடியால் வருவது. டைபாய்டுக்குக் கொடுக்கும் செஃபிக்சிமும் செஃப்ட்ரையாக்சோனும் அதைத் தொடக்கூட முடியாது. அன்று மாலை டாக்சிசைக்ளின் தொடங்கினோம். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.

ஆகவே இப்போதே மகளின் உடலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள், அரைஞாண் கயிறு படும் இடம். அப்படி ஏதாவது தெரிந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். பக்கு தெரியாததாலேயே ஸ்க்ரப் டைபஸ் இல்லை என்றும் ஆகிவிடாது. அதற்கான ரத்தப் பரிசோதனையும், டெங்கு, மலேரியா, சிறுநீர்த் தொற்றுக்கான பரிசோதனைகளும் அவசியம். டெங்குவுக்கு இது ஏழாம் நாள் என்பதால் கிருமியின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை மட்டும் போதாது, எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனையும் பார்ப்பார்கள்.

கல்ச்சரை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், டைபாய்டு கிருமி நடந்துகொள்ளும் விதம். பெயர் குடற்காய்ச்சல் என்றாலும் அது ரத்தத்தில் குடியேறும் நோய். தண்ணீரோடோ உணவோடோ வாய்வழியாக உள்ளே போகும் கிருமி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருக்கும் நிணநீர்த் திட்டுகள் வழியாக ரத்தத்தில் ஏறி, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, பித்தப்பை என்று போய்த் தங்கிப் பெருகுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்து அங்கிருந்து மறுபடி ரத்தத்துக்கு வரும்போதுதான் காய்ச்சல் தொடங்குகிறது. அப்போதும் ஒரு மில்லி ரத்தத்தில் சராசரியாக ஒரே ஒரு கிருமிதான் உயிரோடு இருக்கும். கல்ச்சருக்கு 5 மில்லி வேண்டும் என்றதும் தாய்மார்கள் பதறிப்போகிறார்கள். 20 கிலோ எடையுள்ள உங்கள் மகளின் உடலில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. 5 மில்லி என்பது ஒரு டீஸ்பூன். குழந்தை அழுகிறதே என்று ஒரு மில்லியோடு நிறுத்தச் சொன்னால், கிருமி அந்தப் பாட்டிலுக்குள் வராமலே போய்விடக்கூடும்.

சரியாக எடுத்தாலும் டைபாய்டு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேருக்குத்தான் கல்ச்சரில் கிருமி வளரும். ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டால் அதுவும் குறையும். முதல் மாத்திரைக்கு முன் எடுத்திருக்க வேண்டிய ரத்தம் அது. ஆனாலும் மூன்று நாள் மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் நிற்காதபோது இன்று எடுப்பது வீண் அல்ல. கிருமி வளர்ந்தால் எந்த மருந்துக்கு மடியும் என்ற பட்டியலும் கூடவே வரும். அந்தப் பட்டியல்தான் பொன். தெற்காசியாவில் சிப்ரோஃப்ளாக்சசின் பெரும்பாலும் பலனிழந்துவிட்டது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இன் கடைசியில் பரவத் தொடங்கிய டைபாய்டு செஃப்ட்ரையாக்சோனுக்கும் மடியவில்லை. வாயால் சாப்பிடும் மருந்துகளில் அங்கே கைகொடுத்தது அசித்ரோமைசின் ஒன்றுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: மருந்து வேலை செய்யவில்லையா? இது டைபாய்டாகவே இருந்தால், சரியான மருந்து சரியான அளவில் போனாலும் காய்ச்சல் விட நான்கு முதல் ஆறு நாள் பிடிக்கும். மூன்றாம் நாள் 102 டிகிரி என்பதற்காக மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அளவு என்னை உறுத்துகிறது. தொண்டைத் தொற்று போன்றவற்றுக்குக் கொடுப்பதைவிட டைபாய்டுக்குச் செஃபிக்சிம் ஏறக்குறைய இரு மடங்கு தேவை. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம். உங்கள் மகளுக்குப் போவது 10. நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள், மருந்துச் சீட்டை எடுத்துப்போய் இதை மட்டும் சுட்டிக்காட்டுங்கள். எந்த மருந்தாக இருந்தாலும், காய்ச்சல் விட்ட மறுநாள் நிறுத்திவிடக் கூடாது. பாதியில் நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் டைபாய்டு திரும்பி வரக்கூடும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப்புகள் வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ்: பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் கரையுங்கள். அரைப் பாக்கெட், ஒரு டம்ளர் என்ற கைக்கணக்கு ஆபத்து. 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பத்தியம் என்று ரொட்டியும் கஞ்சியுமாகப் பட்டினி போட வேண்டியதில்லை. இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், வேகவைத்த முட்டை, குழந்தை கேட்பதைக் கொடுங்கள்.

வயிறு உப்பி விறைப்பாகிறது, வலியில் தொடவிடாமல் சுருண்டுகொள்கிறாள், மலம் கரியதாகவோ ரத்தமாகவோ போகிறது, பேச்சு குழறுகிறது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். டைபாய்டில் குடல் ஓட்டை விழுவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில், வீட்டார் சற்று மூச்சுவிடத் தொடங்கும் நேரத்தில். நோய் தேறிய பிறகு டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்; ஆறு மாதக் குழந்தை முதலே போடலாம். வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் மாமனார். பேத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், இருமினால், டைபாய்டு தொற்றாது. மலத்திலிருந்து கை, கையிலிருந்து உணவு என்ற வழியில்தான் அது போகும். சிறுநீரகம் பழுதானவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் அந்த வழியை அடைப்பதில் கறாராக இருங்கள். மகளைக் கழுவிவிட்ட பிறகும், சமைக்கும் முன்னும், அவருக்குப் பரிமாறும் முன்னும் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கைகழுவுங்கள். முடிந்தால் சில வாரங்களுக்குக் கழிப்பறை தனி. முடியாவிட்டால் அவர் போவதற்கு முன் பிளீச்சிங் கரைசலால் கழுவிவிடுங்கள். கொதிக்கவைத்த தண்ணீரை வீட்டார் எல்லோரும் குடிக்கட்டும். மகளுக்கு வாங்கும் இளநீரில் அவருக்கும் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக் கூடும்.

அவருக்கு உண்மையான ஆபத்து பேத்தியைவிட அந்தக் கழுத்துக் குழாய்தான். தோலில் இருக்கும் கிருமி குழாய் வழியாக நேராக ரத்தத்தில் இறங்கும். கட்டு நனையக் கூடாது, வீட்டில் யாரும் அதைப் பிரிக்கக் கூடாது. டயாலிசிஸ் நடக்கும்போதோ முடிந்து வந்த பிறகோ உடல் தூக்கிப்போடும்படி குளிர் எடுத்தால், போர்வையும் பாராசிட்டமாலும் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த மணி நேரத்திலேயே டயாலிசிஸ் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கேயும் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன், குழாயிலிருந்து ஒரு பாட்டில், கை நரம்பிலிருந்து ஒரு பாட்டில் என்று இரண்டு கல்ச்சர் எடுத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.