கத்தோ பத்தாத் இல்லாத தீபாவளி

அன்புள்ள அக்காவுக்கு,

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். காத்ர் போர்னில் வீடு. சொந்த ஊர் மன்னார்குடி. கல்யாணமாகி இங்கே வந்து 12 வருஷம் ஆகிறது. கணவர் வீட்டார் பல தலைமுறையாக இந்தத் தீவில் வாழும் தமிழர்கள். வீட்டில் பேசுவது இந்தத் தீவின் கிரியோல் மொழிதான். அத்தைக்குத் தேவாரம் மனப்பாடம், ஆனால் என்னோடு தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது. நானும் கிரியோல் கற்றுக்கொண்டுவிட்டேன். காதாரத் தமிழ் கேட்க எனக்கு இருப்பது சென்னைத் தொலைக்காட்சி மட்டும். அங்கே எட்டு மணிக்கு வரும் நிகழ்ச்சி இங்கே ஆறரைக்கே வந்துவிடும். பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டே பார்ப்பேன். பண்டிகை நெருங்கினால் சமையல் நிகழ்ச்சி ஒன்றையும் விடமாட்டேன்.

எங்கள் ஊரில் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியல். இங்கே சாயங்காலம்தான் எல்லாம். மதியத்திலிருந்தே தட்டுகளில் பலகாரம் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம், சீனர் என்று யாரையும் விடுவதில்லை. இருட்டியதும் விளக்கு. அத்தை ஒவ்வொரு வருஷமும் செய்வது கத்தோ பத்தாத். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, மைதா சேர்த்துப் பிசைந்து, உள்ளே தேங்காய்ப் பூரணம் வைத்து, சோமாசி மாதிரி மடித்து எண்ணெயில் பொரிப்பார்கள். பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, சிலது வாய் திறந்து பூரணம் கருகியிருக்கும்.

போன வருஷம் டிவியில் பார்த்த மாதிரி ஒரு தீபாவளி கொண்டாட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒன்பது வகைப் பலகாரம், பித்தளைத் தட்டு, வாழையிலை, பூ அலங்காரம். எங்கள் அம்மாவும் எட்டு வகை செய்வாள்; பாட்டியும் சித்தியும் அம்மாவும் பின்கட்டில் உட்கார்ந்தால் மூன்று நாள் வீடே மணக்கும். அந்த மணத்தை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். "நீங்க உட்காருங்க அத்தை, இந்த வருஷம் எல்லாம் நானே பார்த்துக்கிறேன்" என்றேன். அவருக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கோணல்மாணலான கத்தோ பத்தாத் என் தட்டில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

மூன்று ராத்திரி தூங்கவில்லை. முதல் மைசூர் பாகு கல்லாகிப் போனது. இரண்டாவது கடைசிவரை இறுகவே இல்லை. பாதுஷாவுக்குப் பாகு வைத்திருந்த பாத்திரத்தைப் பெண் தெரியாமல் தட்டிவிட்டாள். ஒன்பது வயசுக் குழந்தை. நான் கத்திய கத்தலில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "இது எப்ப முடியும்மா?" என்றாள். ஒரு மாத மளிகைச் செலவில் பாதி முந்திரிக்கும் நெய்க்கும் போயிருந்தது. ஆறு மணிக்கு எல்லோரும் விளக்கு ஏற்றியபோது நான் நைட்டியோடு அடுப்படியில் நின்றேன். புதுப்புடவை பீரோவிலேயே இருந்தது. கொழுந்தனார் குடும்பம், உறவினர் என்று 14 பேர் வந்தார்கள். டிவியில் கதவைத் திறக்கும் பெண் எப்படிச் சிரிப்பாள்! நான் கதவைத் திறந்துவிட்டு நேரே குளியலறைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் காலை எழுந்து வந்தால் அத்தை தனியாக அடுப்பருகே நிற்கிறார். இரண்டே கிழங்கு வேகவைத்திருந்தார். ஆறு கத்தோ பத்தாத். பக்கத்து வீட்டுக் கிழவி முந்தின நாள் தட்டை வாங்கிக்கொண்டு, "கத்தோ பத்தாத் இல்லையா?" என்று கேட்டாராம். 30 வருஷமாக இந்த வீட்டிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறவர். அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் மறுபடி தீபாவளி. இப்போதே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை. சொன்னால் கணவர், "அந்த டிவியை நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். டிவிதான் காரணமா? அல்லது எனக்குத்தான் குடும்பம் நடத்தத் தெரியவில்லையா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குடும்பம் நடத்தத் தெரியாதவர் எழுதிய கடிதம் இல்லை இது. அத்தையின் மௌனமும் மகளின் கேள்வியும் ஒரு வருஷம் கழித்தும் உங்களுக்குள் அப்படியே இருக்கின்றன. அக்கறை இல்லாதவருக்கு இதெல்லாம் மறந்து போயிருக்கும்.

டிவியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பெட்டியில் உங்களுக்கு வருவது சமையல் குறிப்பு மட்டும் இல்லையே. "கொஞ்சம் நெய் விட்டுக்கலாம், பொன்னிறமா வந்ததும் எடுத்துடலாம்" என்று ஒரு பெண் சொல்லும்போது உங்கள் காதில் விழுவது மன்னார்குடிப் பின்கட்டு. நானும் இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்தவள்தான். கடைத்தெருவில் யாரோ தமிழில் பேரம் பேசுவது கேட்டால் இன்றும் என் கால் தானாக நிற்கும். அந்தத் தாகத்தை உங்களிடமிருந்து யாரும் பிடுங்க வேண்டியதில்லை. பார்க்கிற விதத்தைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

சென்னையில் ஒரு சமையல் நிகழ்ச்சியின் படப்பிடிப்பில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி. எடுத்தது ஆவணி மாதம். மேடைக்குப் பின்னால் ஒரு நீள மேசை. அதன்மேல் ஒரே இனிப்பு மூன்று நிலைகளில் தயாராக இருந்தது: கிளறத் தொடங்கியது ஒன்று, பாதி கிளறியது ஒன்று, துண்டு போட்டு அடுக்கியது ஒன்று. "இப்போ நல்லா இறுகி வந்துடுச்சு பாருங்க" என்று அந்த அம்மா சொன்னதும் கேமரா நின்றது. ஒரு பையன் வாணலியை மாற்றினான், ஒரு பெண் அடுப்பைத் துடைத்தாள், இன்னொருவர் பலகாரத்தின்மேல் தூரிகையால் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினார். மறுபடி கேமரா ஓடியது. பாத்திரம் தேய்க்கத் தனியாக இரண்டு பேர். கதவைத் திறந்து சிரித்த காட்சியை நான்கு தடவை எடுத்தார்கள். வெளியே நின்ற விருந்தாளிகளுக்கு அதற்குள் பசி வந்து, காண்டீனிலிருந்து பொட்டலம் வரவழைத்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

அந்த அம்மா யாரையும் ஏமாற்றவில்லை. அது அவருடைய வேலை, நன்றாகவே செய்தார். ஆனால் அரை மணி நேரத்தில் ஒரு பெண் செய்ததாக நீங்கள் பார்த்தது, ஏழெட்டுப் பேர் ஒரு நாள் முழுக்க உழைத்தது. உங்கள் மைசூர் பாகு கல்லானதில் வியப்பே இல்லை. ஒரு நொடி தவறினால் பாகின் பதம் போய்விடும். மூன்று ராத்திரி தூங்காத கைக்கு அந்த நொடி பிடிபடாது. அவர்களுக்குப் பதம் தவறினால் பின்னாலிருக்கும் மேசையிலிருந்து இன்னொன்று வரும். உங்களுக்கு எங்கிருந்து வரும்?

முன்பெல்லாம் தவறும் திரையில் தெரிந்தது. அமெரிக்காவில் ஜூலியா சைல்டு என்ற சமையல் கலைஞர் 1963-இல் தொலைக்காட்சியில் உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போடும்போது பாதி அடுப்பின்மேல் சிதறிவிட்டது. படத்தை வெட்டி ஒட்டுவது அப்போது சுலபம் இல்லை. அவர் அதைக் கையால் அள்ளி வாணலியில் போட்டு, சமையலறையில் நாம் தனியாகத்தானே இருக்கிறோம், யார் பார்க்கப்போகிறார்கள் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு மேலே செய்தார். பார்த்தவர்களுக்கு அவர்மேல் பிரியம்தான் கூடியது.

சரி, நட்சத்திர ஓட்டல் சமையல்காரரைப் பார்த்தால் உங்களுக்கு இப்படி வலிக்காதே, ஏன்? லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியல் அறிஞர் 1954-லேயே இதைப் பற்றி எழுதினார். மனிதர்கள் தங்களை அளந்து பார்ப்பது தங்களைப் போன்றவர்களோடுதான். வெகு தூரத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுக்கொள்வதில்லை. டிவியில் வருபவர் உங்களைப் போலப் புடவை கட்டியிருக்கிறார், உங்களைப் போலப் பேசுகிறார், பின்னால் ஒரு வீட்டு அடுப்படி தெரிகிறது. அதனால் மனசு அவரை எதிர்வீட்டு அக்காவாக எடுத்துக்கொள்கிறது. அவரால் முடிகிறது, என்னால் முடியவில்லையே என்று அப்போதுதான் வலிக்கிறது.

வந்த 14 பேரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அன்று இறுகாத மைசூர் பாகை அவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? தாமஸ் கிலோவிச் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பாடகரின் முகம் போட்ட, போட்டுக்கொள்ளக் கூச்சமான பனியனை மாணவர்களுக்கு மாட்டி, பிறர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சுமார் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். நம் குறை நமக்குத் தெரிகிற அளவுக்கு அடுத்தவருக்குத் தெரிவதில்லை. உங்கள் வீட்டில் ஒரே ஒருவர் ஒரு குறை சொன்னார். பக்கத்து வீட்டுப் பாட்டி. அவரும் உங்கள் பலகாரத்தைக் குறை சொல்லவில்லை. தட்டில் இல்லாத ஒன்றைத்தான் தேடினார்.

இதை நீங்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும், தங்கை. உங்கள் அம்மாவின் எட்டு வகையை எழுதும்போது பாட்டி, சித்தி, அம்மா என்று நீங்களே மூன்று பேரை எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று நாள் மணம் ஆறு கையால் வந்தது. நீங்கள் அத்தையை உட்காரச் சொன்னபோது உங்கள் அடுப்படியில் மிச்சம் இருந்தவை இரண்டு கை. அம்மா வீட்டைத் தேடிப் போனவர், அம்மா வீட்டில் இருந்த முக்கியமான ஒன்றை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டீர்கள். அத்தைக்கு வலித்திருக்கும். உங்களோடு தமிழில் நாலு வார்த்தை பேச வராதவருக்கு, உங்களோடு பேச இருந்த வழி அந்தக் கிழங்கு மாவுதான். அவர் உங்களைத் திட்டாததற்குக் கோபத்தை அடக்கியது மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். வேறு ஊரிலிருந்து வந்த பெண் மூன்று ராத்திரி தூங்காமல் நின்றதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள். ஒரு பண்டிகைக்கு 14 பேர் வருகிறார்கள் என்றால் அது அவருடைய விருந்தும்தான். தேங்காய் துருவுவது, தட்டுகளை அக்கம்பக்கத்துக்கு எடுத்துப் போவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவருக்கும் முடியும். டிவியை நிறுத்து என்பதைவிட, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் உங்கள் படபடப்பு பாதி குறைந்துவிடும்.

மகளிடம் நேராகப் பேசுங்கள். "போன வருஷம் பாகு கொட்டினதுக்கு அம்மா அவ்வளவு கத்தியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். அவள் மறந்திருப்பாள் என்று விட்டுவிட வேண்டாம்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மையும் படபடப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், பண்டிகை நாள் போகட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இங்கே அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். மனநலத்துக்கும் அங்கே வழி உண்டு.

இந்தத் தீபாவளிக்கு டிவியில் பார்த்ததில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மைசூர் பாகுதான் வேண்டுமென்றால் அதுவே இருக்கட்டும். ஆனால் ஒரு வாரம் முன்னால், கால் கிலோ மாவில் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். தீபாவளியன்று மதியம் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுங்கள். என்ன முடிந்திருக்கிறதோ அதுதான் பலகாரம். ஆறு மணிக்கு நீங்கள் புதுப்புடவையோடு பிள்ளைகள் பக்கத்தில் அகல் ஏற்ற வேண்டும்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு கிலோ சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி அத்தை கையில் கொடுங்கள். ஓரத்தை முள்கரண்டியால் எப்படி அழுத்தி ஒட்டுவது என்று சொல்லித்தரச் சொல்லுங்கள். கிரியோலிலேயே கேளுங்கள். மாவு பிசைய மகளை விடுங்கள். அவள் செய்வது கோணலாகத்தான் வரும், சிலது வாய் திறக்கும். முதலில் பொரிந்து வரும் ஆறையும் ஒரு தட்டில் வைத்து, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா