வீட்டுக் கரியமில வாயுக் கணக்கு: நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: இரண்டு நாடுகளின் 'வீட்டு உமிழ்வு' (வீடுகளால் வெளியாகும் கரியமில வாயு) எண்களை எடுத்து அப்படியே ஒப்பிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐ.நா.வுக்கு நாடுகள் கொடுக்கும் கணக்கில் 'குடியிருப்பு' என்ற தலைப்பில் வருவது வீட்டிலேயே எரிகிற எரிவாயு, மண்ணெண்ணெய், நிலக்கரி இவைதான். கரண்டுக்கான புகை மின்நிலையத்தின் கணக்கில் போய்விடும், காரின் புகை போக்குவரத்துக் கணக்கில். அதனால் நிலக்கரி மின்சாரத்தில் நாள் முழுக்க ஏசி ஓட்டுகிற வீடும் அந்தப் பட்டியலில் பரம யோக்கியமாகத் தெரியும்.

கேள்வி: சரி, கரண்டையும் சேர்த்துவிட்டால்?

பதில்: அப்புறம்தான் வேடிக்கையே. ஒரே மாதிரி இரண்டு வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் ஆண்டுக்கு 3,000 யூனிட் செலவு என்று வையுங்கள். பிரான்சில் பெரும்பகுதி அணுமின்சாரம், யூனிட்டுக்குச் சுமார் 50 கிராம் கரியமில வாயு, மொத்தம் 150 கிலோ. போலந்தில் பாதிக்கு மேல் நிலக்கரி, யூனிட்டுக்கு 600 கிராம் என்று போட்டால்கூட 1,800 கிலோ. பிரான்ஸ்காரர் எல்லா விளக்கையும் எரியவிட்டுத் தூங்கினாலும் போலந்துக்காரரால் அவரை எட்டிப் பிடிக்க முடியாது. இதில் யாருடைய சிக்கனமும் இல்லை, பெருமையும் இல்லை.

கேள்வி: வீட்டுக்கு இவ்வளவு என்று பார்ப்பதா, தலைக்கு இவ்வளவு என்றா?

பதில்: தலைக்குத்தான். இந்திய வீட்டில் சராசரியாக நாலு பேருக்கு மேல், ஜெர்மனியில் இரண்டு பேர். ஆனால் ஃபிரிட்ஜ் இரண்டு வீட்டிலும் ஒன்றுதானே, ஆகத் தலைக்கணக்கில் பெரிய குடும்பத்துக்குக் கொஞ்சம் லாபம். அது நியாயமான லாபம்தான் என்பேன்.

கேள்வி: ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான். அது எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்கிறார்களே, கதையா?

பதில்: கதையில்லை. மிச்ச எடை காற்றிலிருந்து வருகிறது. 12 பங்கு கார்பனோடு 32 பங்கு ஆக்சிஜன் சேர்ந்து 44 ஆகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: பிரிட்டன் நிலக்கரியை விட்டுவிட்டதே, அங்குள்ள வீடுகள் சுத்தம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள், உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் அங்கே ஒரு வீட்டில் இருக்கிற டிவி சீனாவில் செய்ததாக இருந்தால் அதைச் செய்யும்போது வந்த புகை சீனாவின் கணக்கில்தான் நிற்கும். வாங்கியவர் பேரில் எழுதினால் பிரிட்டனின் எண் ஏறும், சீனாவின் எண் இறங்கும். இப்படியும் கணக்குப் போட்டு வெளியிடுகிறார்கள், பிரிட்டன் அரசே வெளியிடுகிறது. ஒப்பிட உட்காரும்போது அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.