தார் பாலைவனத்தில் பறவை பார்க்க: கேட்டதும் சொன்னதும்

ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலைவன தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, போனால் கானமயிலைக் கட்டாயம் பார்த்துவிடலாமா?

கட்டாயம் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் வண்டி பேசாதீர்கள். பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். கானமயில் என்றால் மயில் இல்லை, புல்வெளியில் நடந்து திரியும் பெரிய பறவை (Great Indian Bustard). உலகத்தில் மிஞ்சியிருப்பவையோ இருநூறுகூட இல்லை. முன்பு தமிழ்நாட்டிலும் இருந்த பறவைதான்.

பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரி வேலியடைப்புப் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். செவான் புல்லுக்கு மேலே வெள்ளைக் கம்பு நட்டதுபோல் ஏதாவது தெரியும். அது மெல்ல நகர்ந்தால், அதுதான் கழுத்து! அந்தத் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடுகிற பறவை. தாயை எழுப்பிவிட்டால் முட்டை நரிக்கோ தெருநாய்க்கோ போய்விடும்.

அவ்வளவு பெரிய பறவை மின்கம்பியில் மோதுமா?

பெரியது என்பதுதான் வம்பே. ஆண் பதினைந்து கிலோ வரை இருக்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. கம்பி கண்ணில் படும்போது, இந்தக் கனத்தோடு சட்டென்று திரும்ப முடியாது. 2021-ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024-ல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழு அமைத்தது. அந்தக் கம்பிகள் கொண்டுபோகும் சூரிய மின்சாரமும் வேண்டும்தான், ஆனாலும் எனக்கு அந்தத் தளர்வு பிடிக்கவில்லை.

சார், கானமயில் கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்குச் சலித்துவிடாதா?

தண்ணீர்த் தொட்டி ஒன்றின் அருகே, வண்டிக்குள்ளேயே சத்தமில்லாமல் உட்காருங்கள். வெயில் ஏறியதும் கல்கவுதாரிகள் கூட்டமாக வந்து இறங்கும். குஞ்சு உள்ள காலமென்றால் ஆண் பறவையைக் கவனியுங்கள். தண்ணீரில் அமர்ந்து வயிற்றை இப்படியும் அப்படியும் அசைக்கும். அந்த இறகுகள் பஞ்சுபோல நீரை உறிஞ்சிக்கொள்ளும். குஞ்சுகளிடம் பறந்து போனதும் அவை அந்த ஈர இறகைக் கவ்வி நீர் குடிக்கும். என் மகள் இதைக் கேட்ட பிறகு கானமயிலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அப்புறம் சிங்காரா மான், வால்நுனி வெள்ளையான பாலைவன நரி, செத்த மாட்டைச் சுற்றிப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்). பொழுது போதாது.

எப்போது போகலாம்? என்ன எடுத்துப் போக வேண்டும்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பாலைவனம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள், அதிகாலையில் பல் கிட்டித்துவிடும். எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42 - எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் போதும்.

டிரோன்?

வேண்டாம்.

திரும்பும் வழியில் வேறு எங்காவது இறங்கலாமா?

ஜோத்பூருக்குப் போகும் வழியென்றால், பலோதி பக்கத்தில் கீச்சன் கிராமம். ஊர்க்காரர்கள் தானியம் போட்டு வளர்த்த பழக்கத்தால் குளிர்காலத்தில் குர்ஜா கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். காலையிலேயே போய்விடுங்கள், தானியம் தீர்ந்ததும் குளத்துப் பக்கம் போய்விடும்.