புளியமரத்தில் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது

கேள்வி: எங்கள் ஊர் பென்னாகரம் வட்டத்தில் ஒரு கிராமம். என் மகனுக்கு வயது 7. ஓராண்டாகவே சோர்ந்து சோர்ந்து படுத்துக்கொள்கிறான். சிலேட்டுப் பல்பத்தையும் சுவர்க் காரையையும் தின்கிறான். இரவில் ஆசனவாயைச் சொறிகிறான். மலத்தைப் பரிசோதித்ததில் கொக்கிப்புழு முட்டை இருப்பதாகச் சொன்னார்கள். ஹீமோகுளோபின் 8.6 தான் இருக்கிறது. பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தும் மறுபடி வந்துவிட்டது. என் மாமியாருக்கு வயது 66. அவர்தான் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து அவனுக்கு ஊட்டுவார். வீட்டில் கழிவறை கட்டி 6 ஆண்டுகள் ஆகியும், குனிந்து உட்கார முடியவில்லை என்று சொல்லிக் கொல்லையில் புளியமரத்தடிக்கே போகிறார். அது அவர் வீம்பு. பையனுக்கு ஒகேனக்கல் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். பெரியவர்களுக்குப் போர் தண்ணீர்தான் பிடிக்கும். கணவர் ஓசூரில் ஒரு ஆலையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மாமியார் மனம் நோகாமல், இனிமேல் பிள்ளைக்கு ஊட்ட வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: சொல்லவே வேண்டாம். பிள்ளையின் வயிற்றில் பூச்சி, அதற்குக் காரணம் வீட்டிலுள்ள கிழவி என்று வரும் கடிதங்களை நான் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். சில கடிதங்களில் கிழவிக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை இருக்கும், சிலவற்றில் மாட்டுக்கொட்டகை கூட்டும் பெண் இருப்பாள். எழுதியவர் மட்டும் எந்தக் கடிதத்திலும் குற்றவாளி ஆனதில்லை. உங்கள் கடிதமும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்திருக்கும், நடுவில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால்.

"குனிந்து உட்கார முடியவில்லை என்று சொல்லி" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்லியிருக்கிறார். ஒருமுறை சொல்லி விட்டிருக்க மாட்டார்; கழிவறை கட்டிய நாளிலிருந்து 6 ஆண்டுகளாகச் சொல்லியிருப்பார். அதைக் கேட்ட நீங்கள், அடுத்த சொல்லாகவே "வீம்பு" என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். 66 வயதுப் பெண் ஒருத்தி, இருட்டிலும் மழையிலும் பாம்பு பூரான் பயத்தோடும் கொல்லைப்பக்கம் நடந்து போவது வீம்புக்காக என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா? உட்கார முடியாதவர் மரத்தடியில் மட்டும் எப்படி உட்காருகிறார் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? நான் பார்க்காமலே சொல்கிறேன்: அவர் அங்கே உட்காருவதில்லை. தரைக்கு மேலே புடைத்து நிற்கும் வேரையோ தாழ்ந்த கிளையையோ பற்றிக்கொண்டு, பாதி நின்றும் பாதி மடங்கியும் சமாளித்துவிட்டு வருகிறார். புளியமரத்தில் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. உங்கள் கழிவறைச் சுவரில் என்ன இருக்கிறது?

புழுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கையைச் சந்தேகப்படுகிறீர்கள், கொக்கிப்புழுவோ காலின் வழியாக வருவது. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள், ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாட்களில் பொரிந்து, 5 முதல் 10 நாட்களுக்குள் மனிதத் தோலைத் துளைக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். வெறுங்காலோடு மிதிப்பவரின் பாதத்தில், பெரும்பாலும் விரலிடுக்கில், நமைச்சல் கண்டு மறையும். நாம் அதைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடுவோம். உள்ளே போனது இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும், அங்கிருந்து தொண்டைக்கும் ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்ந்து, குடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு எடுப்பது, இனத்தைப் பொறுத்து, 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர்தான். அது ஒரு சொட்டுக்கும் குறைவிலிருந்து நாலைந்து சொட்டு வரை. நூறு புழு குடியிருக்கும் குடலில், ஓராண்டில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் 8.6 அங்கேதான் வந்து நிற்கிறது.

புளியமரத்தடியைவிட இந்தப் புழுவுக்குத் தோதான இடம் நம் மாவட்டத்தில் இல்லை. நாள் முழுக்க நிழல், உதிர்ந்த இலைக்குக் கீழே ஈரம். வீட்டுக்குப் பின்னால் புளியமரம் நிற்க, 7 வயதுப் பையன் செருப்புப் போட்டுக்கொண்டு போய்ப் புளியங்கொட்டை பொறுக்குவான் என்று நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப மாட்டீர்கள். அவன் பல்பம் தின்பதைக் கெட்ட பழக்கம் என்று அடித்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு மண்ணையும் காரையையும் கேட்கும். மண்ணைத் தின்னும்போது உருண்டைப்புழுவின் முட்டையும் கூடவே உள்ளே போகும், அது சத்தை இன்னும் குறைக்கும். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை நல்ல மாத்திரை. 400 மில்லிகிராமில் ஒன்றை மென்று தின்றால் வயிற்றில் இருப்பதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆனால் மாத்திரை வயிற்றுக்குத்தான், கொல்லைக்கு இல்லை. காலையில் மாத்திரை தின்றுவிட்டு மாலையில் அதே மரத்தடிக்கு வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்கு மறுபடி வராமல் என்ன செய்யும்?

கையில் தவறே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இரவில் சொறிகிறான் என்றால் அது கீரிப்பூச்சியாக இருக்கலாம். அது மலப் பரிசோதனையில் பல நேரம் சிக்காது. பெண் புழு இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும், பிள்ளை சொறிவான், நகத்திலிருந்து வாய்க்கும் போர்வைக்கும் போகும், அந்த முட்டை சில மணி நேரத்திலேயே அடுத்தவருக்குத் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். கவனியுங்கள், இங்கே கிழவியின் கையிலிருந்து பிள்ளைக்கு வருவதைவிடப் பிள்ளையின் கையிலிருந்து கிழவிக்குப் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகையால் மாமியார், மாமனார், நீங்கள், ஞாயிறன்று வரும் கணவர் எல்லோரும் மருத்துவரிடம் கேட்டு ஒரே நாளில் மாத்திரை சாப்பிட்டு, 2 வாரம் கழித்து மறுபடியும் சாப்பிட வேண்டும். கர்ப்பமாக இருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். எல்லோருக்கும் நகம் வெட்டுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், போர்வை பாயைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மருந்தைப் பிள்ளை தெளிந்துவிட்டான் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. சர்க்கரை தின்பதால் பூச்சி வருகிறது என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இனி அந்த முழங்காலுக்கு வருகிறேன். என் தகப்பனாரின் தாயும் உங்கள் பக்கத்தவர்தான். தெருவில் பேருந்துச் சத்தம் கேட்டால் எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்போம். அவர் மட்டும் திண்ணையில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பு முழுவதையும் ஒரு மூட்டையைப்போல நகர்த்தித் திரும்பிப் பார்ப்பார். கீழே விழுந்த வெற்றிலையைக் குனிந்து எடுக்க மாட்டார், என்னைக் கூப்பிடுவார். கிழவிக்கு அதிகாரம் என்று என் தாய் முணுமுணுப்பார், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவருடைய முதுகும் கழுத்தும் எலும்போடு எலும்பாக இறுகிப்போயிருந்தன என்பது, அவர் போய்ச் சேர்ந்த பிறகு, தண்ணீரைப் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கிய காலத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. உங்கள் கடிதத்தில் "வீம்பு" என்ற சொல்லைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. நிலத்தடி நீர் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் பக்கத்துப் போர்கள் பலவற்றில் அதற்கு மேலே இருப்பதால்தான், காவிரித் தண்ணீரை மேடேற்றிக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற சொற்கள் இருக்கின்றன. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசமில்லை, சுவையிலும் தெரியாது. பல ஆண்டுகள் குடித்தவருக்கு மூட்டும் முதுகும் இறுகும், தசைநார்கள் சுண்ணாம்பாகக் கெட்டிப்படும், குனியவும் குந்தவும் முடியாமல் போகும். உங்கள் கணவர் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால், ஞாயிற்றுக்கிழமை அவர் சிரிக்கும்போது பற்களைப் பாருங்கள். முன்பற்களில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் திட்டோ, குறுக்கே பழுப்புக் கோடோ இருந்தால், உங்கள் போர் தண்ணீர் தன் கையெழுத்தை அங்கே போட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பல் முளைப்பதற்கு முன்பு, ஈறுக்குள் உருவாகும் வயதில் விழும் கறை அது, எந்தப் பற்பசையும் அதைத் தேய்த்து எடுக்காது.

உங்கள் மகனுக்கு நல்ல தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிறீர்கள், மெத்தச் சரி. அவனுக்குக் களி கிண்டுவது எந்தத் தண்ணீரில்? போர் தண்ணீரில்தான் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் எழுதியிருப்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். போரை ஆழமாகப் போட்டால் சுத்தமான தண்ணீர் வரும் என்ற நம்பிக்கைக்கும் இதில் இடமில்லை, ஆழத்திலும் அதே பாறைதான். பெரியவர்களுக்குப் போர் தண்ணீர்தான் பிடிக்கும் என்கிறீர்களே, அவர்களுக்கு அது பிடிக்கிறதா, வாரத்தில் சில நாள் மட்டும் வரும் குழாயில் பிடித்த நல்ல தண்ணீர் பேரனுக்குக் குறைந்துவிடக் கூடாது என்று அந்த அம்மாள் குடிக்காமல் இருக்கிறாரா? எங்கள் தலைமுறைப் பெண்களை எனக்குத் தெரியும். "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று நாங்கள் சொல்வதில் பாதி, மீந்ததைப் பற்றித்தான்.

மாமியாருக்கு வந்திருப்பது ஃபுளோரைடு நோய்தான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்லிவிட முடியாது. வயதானால் வரும் மூட்டுத்தேய்மானமும் இப்படித்தான் இருக்கும். அவரால் முடிந்த அளவுக்கு மட்டும் மூன்று காரியம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவது, மோவாயை நெஞ்சில் படுமாறு தாழ்த்துவது, இரண்டு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோப்பது. முடியாவிட்டால் வற்புறுத்தாமல், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டி, ஃபுளோரைடு சந்தேகம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும் பார்ப்பார்கள். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். இறுகிய எலும்பு பழையபடி இளகாது. ஆனால் குடிப்பதையும் சமைப்பதையும் நல்ல தண்ணீருக்கு மாற்றினால் மேலும் இறுகுவதை நிறுத்தலாம், வலியும் குறையலாம்.

இதையெல்லாம் உங்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. பெற்றவளை மருத்துவரிடம் கூட்டிப்போவது முதலில் பெற்ற மகனின் கடமை, மருமகளின் கடமை அதற்குப் பிறகுதான். வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து, அம்மா கையால் சாப்பிட்டு, திங்கட்கிழமை விடியலில் ஓசூர் பேருந்து ஏறும் ஆண்பிள்ளை, தன் தாய் எங்கே போய்வருகிறாள் என்று 6 ஆண்டுகளாகக் கேட்கவில்லை என்றால், அவரை விட்டுவிட்டு நீங்களும் நானும் கிழவியின் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது வெட்கக்கேடு. இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அடுத்த ஞாயிறு அவர் வரும்போது செய்ய வேண்டியது இரண்டு காரியம். மரத்தடியில் அந்த இடத்தைச் சுற்றி முள்ளை வைத்து அடைத்துவிட வேண்டும். யாரும் போகாமல் இருந்தால் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் சில வாரங்களில் மடிந்துவிடும், ஆனால் உருண்டைப்புழுவின் முட்டை ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும், ஆகையால் பையனுக்குச் செருப்பில்லாமல் கொல்லைக் கதவைத் திறக்கவே கூடாது. அடைப்பதற்கு முன்பு, அதே காலையில், கழிவறையில் இன்னொரு வேலை முடிந்திருக்க வேண்டும்: சுவரில் இரும்புக் குழாய்க் கைப்பிடி ஒன்று, தரையில் பதித்த கோப்பைக்கு மேலே வைக்கும் ஓட்டை நாற்காலி ஒன்று. மருந்துக்கடைகளில் கம்மோடு நாற்காலி என்று கேட்டால் கொடுப்பார்கள். மாமியாரையே உட்காரவைத்து, எந்தக் கை எட்டுகிறதோ அந்தப் பக்கம், அந்த உயரத்தில் கைப்பிடியைப் பொருத்தச் சொல்லுங்கள். நாற்காலி வாங்கப் போகுமுன் கதவின் அகலத்தை அளந்துகொண்டு போகட்டும். மானியத்தில் கட்டிய கழிவறைகளில் கதவு குறுகலாக இருக்கும்.