காசு பெட்டிக்கா, கூட்டத்துக்கா?

கேள்வி: தெஹிவளையில் மாடி வீடு. மேல்மாடியில் நிழலான ஒரு மூலை சும்மா கிடக்கிறது. தேனீ வளர்த்துப் பார்க்க ஆசை. பெட்டி, தேனீக் கூட்டம், முகவலை, புகையூட்டி, தேன் பிழியும் மெஷின் எல்லாம் சேர்த்து ‘ஃபுல் செட்’ என்று ஒருவர் ஃபேஸ்புக்கில் விற்கிறார். அட்வான்ஸ் போட்டால் வீட்டுக்கே கொண்டுவருவாராம். வாங்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: அட்வான்ஸ் போடாதீர்கள். நேரில் போய், பெட்டியைத் திறந்து பார்த்தபிறகு காசைக் கொடுங்கள். பெட்டியைத் தச்சரும் அடித்துத் தருவார். விலை உள்ளே இருக்கும் கூட்டத்துக்குத்தான்.

பெட்டிக்குள் தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வெயில் உங்கள் தோளுக்கு மேலால் அடையில் விழும்படி நின்றால் அறைகளின் அடி தெரியும். அறைக்கு ஒரு முட்டை, வெள்ளைப் புழு, தட்டையாக மூடிய அறைகள் மூன்றும் இருந்தால் ராணி நன்றாக இருக்கிறது. ஓர் அறையிலேயே இரண்டு மூன்று முட்டை கிடந்து, அடை முழுக்க மூடிகள் புடைத்து, அவற்றின் நடுவில் ஊசித்துளை தெரிந்தால் விட்டுவிடுங்கள். ராணி போய், வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிய கூட்டம் அது. அந்த முட்டைகளில் ஆண் தேனீதான் வரும். அது தேன் சேர்க்காது. (ஓரங்களில் சில புடைத்த மூடிகள் எந்தக் கூட்டத்திலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.) அடையில் ஒட்டடை போல நூல் ஓடியிருந்தால் மெழுகு அந்துப்பூச்சி புகுந்துவிட்டது. அதுவும் வேண்டாம்.

யூடியூபில் காணும் பெரிய பெட்டிகள் ஐரோப்பியத் தேனீக்கு. நம் நாட்டுத் தேனீயின் கூட்டம் சிறியது. அவ்வளவு இடத்தைக் காவல் காக்க அதால் முடியாது, வெற்று அடைகளில் அந்துப்பூச்சி குடியேறும். சின்னப் பெட்டியே போதும்.

மெஷினைக் கழித்து விலை கேளுங்கள். ஒரு பெட்டியிலிருந்து கிடைக்கும் சில போத்தல் தேனுக்கு அது வீண் செலவு. முகவலையும் புகையூட்டியும் கட்டாயம். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு விடாது.

கொழும்பில் இன்னொரு தொல்லை டெங்குப் புகை. நுளம்பைக் கொல்லும் மருந்து தேனீயையும் கொல்லும். புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் விடியுமுன், தேனீ வெளியே கிளம்பாத நேரத்தில், வாசலை அடைத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொட்டினால் ஒவ்வாமை வருகிறவர் யாரும் இருந்தால் இந்த யோசனையே வேண்டாம்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: இந்த இனத் தேனீ, இடம் தனக்குப் பிடிக்காவிட்டால் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். அதற்கு விற்றவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ராணி இல்லாத கூட்டத்தைத் தலையில் கட்டினால் அது வேறு கதை. அதனால் ‘ராணியுடன் கூடிய கூட்டம், இத்தனை சட்டம்’ என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட நேர்ந்தால் கையில் இருக்க வேண்டியது அதுதான்.

அதற்கு முன் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்து, தேனீ வளர்ப்புப் பயிற்சி எங்கே, எப்போது என்று விசாரியுங்கள். திணைக்களத்தின் தேனீ நிலையம் பண்டாரவளைப் பக்கம் பிந்துனுவெவயில் இருக்கிறது. கூட்டத்தை ஜனவரி, பெப்ரவரியில் வாங்குங்கள். மே மாத மழைக்காலத்தில் வாங்கினால் முதல் நாளிலிருந்தே சீனிப்பாகு ஊற்ற வேண்டிவரும்.