யோனாவும் நாகூமும் சொன்ன ஒரே பட்டியல்

அன்புள்ள ஐயா,

ஞாயிறு பள்ளியில் தேவனுடைய குணங்களை மனப்பாடம் செய்திருக்கிறேன்: சர்வவல்லவர், எல்லாம் அறிந்தவர், எங்கும் இருப்பவர், பரிசுத்தர், நீதியுள்ளவர், அன்புள்ளவர். இப்போது யோசித்தால் அந்தப் பட்டியலே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது. நீதி தண்டிக்கச் சொல்கிறது, அன்பு மன்னிக்கச் சொல்கிறது. கடைசியில் எது ஜெயிக்கும்? பழைய ஏற்பாட்டில் நீதி, புதிய ஏற்பாட்டில் அன்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்புறம், எல்லாம் செய்ய முடிந்தவர் என்றால் அவரால் பொய் சொல்லவும் முடியுமா என்று என் மகன் கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

மகனுடைய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். முடியாது. தீத்துவுக்கு எழுதிய நிருபம் அவரைப் பொய்யுரையாத தேவன் என்கிறது. பயமோ தேவையோ இருக்கிறவன்தான் பொய் சொல்வான். அதைச் செய்ய முடிவது பலமல்ல, பலவீனம். பயமும் தேவையும் இல்லாதவருக்குப் பொய் எதற்கு? பையன் இதற்கும் ஒரு மடக்கு வைத்திருப்பான். வைத்திருக்கட்டும்.

உங்கள் கேள்விதான் கனமானது. பழையதில் நீதி, புதியதில் அன்பு என்ற வழியில் கடைசிவரை நடந்து பார்த்த ஒருவர் உண்டு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மார்சியோன். உலகத்தைப் படைத்து நியாயந்தீர்க்கிற தேவன் வேறு, இயேசு அறிவித்த பிதா வேறு என்றார். கி.பி. 144 வாக்கில் ரோமாபுரி சபை அவரை விலக்கிவிட்டது. அவர் கையில் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். பழைய ஏற்பாடு மொத்தமும் போயிற்று. சுவிசேஷங்களில் லூக்கா மட்டும், அதுவும் வெட்டிக் குறைத்து. பவுலின் நிருபங்களில் பத்து. நீதியைக் கழற்றி எறிய ஆரம்பித்தவர் வேதத்தையே கழற்ற வேண்டியதாயிற்று.

தேவன் தம் குணங்களைத் தாமே சொன்ன இடத்துக்குப் போவோம். யாத்திராகமம் 34. இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்ட கதை அப்போதுதான் முடிந்திருக்கிறது. முதல் கற்பலகைகள் உடைந்து கிடக்கின்றன. மோசே விளக்கம் கேட்கவில்லை, 'உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்' என்று கேட்டான். முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. கன்மலை வெடிப்பில் நின்றவன் காதில் விழுந்தது இதுதான்: 'கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்.' அதே மூச்சில் பாவத்தை மன்னிக்கிறவர் என்றும், குற்றவாளியைச் சும்மா விடாதவர் என்றும் வருகிறது. நீங்கள் முட்டிக்கொள்கிறது என்று சொன்ன இரண்டும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நாம் முதலில் ஒப்பிக்கிற சர்வவல்லமை அந்த இரண்டு வசனங்களில் இல்லவே இல்லை.

இந்த வாக்கியம் வேதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. சங்கீதங்களில், நெகேமியாவில், யோவேலில். எனக்குப் பிடித்தது யோனா நான்காம் அதிகாரம். அசீரியரின் நகரமான நினிவேக்கு அழிவை அறிவிக்க அனுப்பப்பட்டு, முதலில் வேறு திசையில் தர்ஷீசுக்குக் கப்பலேறியவன் யோனா. நினிவே மனந்திரும்பித் தப்பித்துவிட்ட எரிச்சலில் இருக்கிற இந்தத் தீர்க்கதரிசி, 'நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன்' என்கிறான். துதியாகச் சொல்ல வேண்டியதைப் புகாராகச் சொல்கிறான். அவன் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. அசீரியா செய்த கொடுமை கொஞ்சமா? இப்போது நாகூம் தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திறங்கள். அதே நினிவே. முதல் அதிகாரத்திலேயே அதே பட்டியல்: கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவர். ஆனால் இங்கே அழுத்தம் மறுபாதியில்: குற்றவாளியைத் தப்பவிடமாட்டார். கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் அந்த நகரத்தை அழித்தார்கள். யோனா காலத்தில் ஒரு தேவனும் நாகூம் காலத்தில் இன்னொரு தேவனுமா இருந்தார்கள்? ஒரே தேவன்தான். மனந்திரும்பிய நினிவே அவரை இரக்கமாகச் சந்தித்தது, பழையபடி இரத்தம் சிந்தப் போன நினிவே நியாயத்தீர்ப்பாகச் சந்தித்தது.

பழைய கால இறையியலாளர்களான அகஸ்தீனும் அக்வினாவும் இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார்கள். தேவனுடைய குணங்கள் அவரைச் சேர்த்துக் கட்டிய பாகங்கள் அல்ல என்பது அவர்கள் வாதம். என் பொறுமை போனாலும் நான் நானாகவே இருப்பேன். வீட்டில் இருப்பவர்கள் அதற்குச் சாட்சி. தேவன் அப்படியல்ல. 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று யோவான் எழுதும்போது, இருக்கிற பல குணங்களில் அன்பும் ஒன்று என்று சொல்லவில்லை. அவருடைய நீதியும் அன்புள்ள நீதி, அன்பும் நீதியுள்ள அன்பு. பிள்ளையை ஒருவன் அடித்துப்போட்டதைப் பார்த்தும் கோபம் வராத தாயின் அன்பை நாமே நம்பமாட்டோமே.

அதனால்தான் சிலுவையை நீதிக்கும் அன்புக்கும் நடந்த பேரம்போலப் பிரசங்கிப்பது எனக்கு ஒப்பவில்லை. கோபமான பிதாவிடமிருந்து நல்ல குமாரன் நம்மைக் காப்பாற்றினார் என்ற தொனி வந்துவிடுகிறது. மார்சியோன் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறார். யோவான் 3:16இல் உலகத்தில் அன்புகூர்ந்து குமாரனைத் தருகிறவர் பிதாதான். ரோமர் 3:26இல் தேவன் நீதியுள்ளவராகவும் பாவியை நீதிமானாக்குகிறவராகவும் ஒரே இடத்தில் விளங்குகிறார். எது ஜெயித்தது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

பட்டியலை மனப்பாடம் செய்ததில் தப்பில்லை. 1647இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடையும் பட்டியல்தான் தருகிறது: ஞானம், வல்லமை, பரிசுத்தம், நீதி, நன்மை, சத்தியம். அன்பு தனியாக இல்லை, நன்மைக்குள் அடக்கிவிட்டார்கள் போல. எந்தப் பட்டியலிலும் இப்படி ஏதாவது ஒன்று விடுபடும்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். யோனாவின் நான்கு அதிகாரங்களையும் நாகூமின் மூன்றையும் ஒரே நாளில் மகனோடு சேர்ந்து வாசியுங்கள். நாகூம் அவனுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும். ஆனால் இரண்டாம் அதிகாரத்தில் இரதங்கள் தெருவில் தறிகெட்டு ஓடுகின்றன, அது அவனுக்குப் பிடிக்கும்.