தந்த வேட்டையும் பதினாறு எருதுகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவைக் களமாக வைத்து ஒரு குடும்பத்தின் கதையை நாவலாக எழுதிவருகிறேன். 1878 ஜனவரியில் ஆங்கிலேயத் தகப்பனும் இரண்டு மகன்களும் டர்பனிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, லிம்போபோ ஆற்றைத் தாண்டி யானைத் தந்தம் தேடிப் போகிறார்கள். பயணத்துக்குப் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறேன். வழியில் செட்சி ஈ கடித்து எருதுகள் சாகின்றன. ரத்தத்தில் புகுந்த கிருமியைப் பற்றித் தகப்பன் விளக்குகிறார். இரண்டாம் பாகத்தில், 1896இல், மூத்த மகன் வண்டித் தொழிலில் பெரும் பணக்காரனாகிறான். படித்துப் பார்த்த நண்பர், "விறுவிறுப்பு இருக்கு, நம்பத்தான் முடியல" என்கிறார். எங்கே இடறுகிறது?

கே.

அன்புள்ள கே.,

வண்டியில்தான் இடறுகிறது. நீங்கள் மனதுக்குள் ஓட்டுவது நம்மூர் இரட்டைமாட்டு வண்டி. அங்கே ஓடியது நாலு சக்கரம், எட்டு ஜோடி எருது, இரண்டு மூன்று டன் பாரம். பாரம் மாட்டின் கழுத்தில் இறங்காது. இழுப்பு மட்டும்தான். ஏர்க்காலில் பூட்டுவது கடைசி ஜோடியை மட்டும். மற்ற ஏழு ஜோடிகளின் நுகத்தடிகளும் முன்னால் நீளும் சங்கிலியிலோ முறுக்கிய தோல்வடத்திலோ வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். முன் ஜோடியைத் தோல்வாரில் பிடித்தபடி ஒரு பையன் நடப்பான். பக்கவாட்டில் நீளச் சாட்டையோடு வண்டிக்காரன். ஒவ்வோர் எருதுக்கும் பேர் உண்டு, நுகத்தில் நிலையான இடம் உண்டு. சோம்பேறி எருதுக்குப் போயர்கள், அதாவது அங்கே குடியேறிய டச்சு வம்சாவளி விவசாயிகள், 'இங்கிலீஷ்காரன்' என்று பேர் வைப்பதுண்டு. உங்கள் தகப்பன் பாத்திரத்துக்கு அது உதவும்.

டர்பனிலிருந்து பிரிட்டோரியா வழியாக லிம்போபோ கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். நல்ல பாதையில் நாளுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் போகலாம். எருது மேய வேண்டும், படுத்து அசைபோட வேண்டும். வெயிலில் இழுக்கவிட்டால் சுருண்டுவிடும். அதனால் விடியலில் ஒரு நடை, சாயங்காலம் தொடங்கி இருட்டில் ஒரு நடை, நடுப்பகலில் அவிழ்த்துவிடுவார்கள். எதுவுமே கெடாவிட்டாலும் இரண்டு மாதம் ஆகும். ஜனவரி மழைச் சேறு என்ன செய்யும் என்பதற்குப் படைக்கணக்கே இருக்கிறது. ஜூலுக்களோடு போருக்குப் போய், 1879 ஜனவரி 11இல் பஃபலோ ஆற்றைக் கடந்த பிரிட்டிஷ் படை, பாதையைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு, 16 கிலோமீட்டரில் இருந்த இசாண்டில்வானாவுக்கு 20ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது.

கெடுவதற்கு எத்தனையோ இருக்கிறது. வளைவில் முன் ஜோடிகளைச் சீக்கிரம் திருப்பிவிட்டால் சங்கிலி குறுக்கே வெட்டி இழுக்கும். சக்கரம் கரையில் மோதும், ஏர்க்கால் முறியும். ஆற்று நடுவில் முன் ஜோடி பயந்து திரும்பினால் பதினாறும் சிக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு வண்டிகள் சேர்ந்து போவார்கள். துறையில் இரண்டு செட்டையும் ஒன்றாகப் பூட்டி, 32 எருதால் ஒவ்வொரு வண்டியாக இழுத்துக் கரையேற்றுவார்கள். இறக்கத்தில் பின்சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையைச் செருகிச் சங்கிலியால் பிணைப்பார்கள். சக்கரம் உருளாது, தேய்ந்துகொண்டே இறங்கும். வறண்ட காற்றில் மரம் சுருங்கி ஆரக்கால் ஆடும், இரும்புப் பட்டா கழன்றுவரும். ராத்திரி சக்கரங்களை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைப்பதும், பட்டாவுக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்பு அடிப்பதும்தான் மருந்து. இந்த வேலையில் ஒரு ராத்திரி அண்ணனையும் தம்பியையும் ஒன்றாக இறக்கிவிடுங்கள். சிங்கம் வரும் உங்கள் மூன்று அத்தியாயங்களைவிட அவர்களுக்குள் இருப்பது அங்கே வெளியே வரும்.

அடுத்தது பருவம். அங்கே ஜனவரிதான் கோடை, மழையும் அப்போதுதான். மேட்டுநிலத்தைக் கடக்கப் பச்சைப்புல் வேண்டும், அது கோடைமழையில்தான் முளைக்கும். லிம்போபோ பள்ளத்திலோ கோடையில் மலேரியா. குதிரைக்குக் கொள்ளைநோய், உறைபனி விழும்வரை ஓயாது. அந்த நோய் வந்து பிழைத்த குதிரைக்கு விலை பல மடங்கு. மேட்டுக்குக் கோடை வேண்டும், பள்ளத்துக்குக் குளிர்காலம் வேண்டும். கோடை முடிவில் கிளம்பி மே மாதத்தில் பள்ளத்தில் இறங்குவதுதான் கணக்கு. தகப்பன் ஜனவரியில் கிளம்புவதாகவே இருக்கட்டும். ஆனால் விவரம் தெரிந்த ஒருவன் டர்பனிலேயே எச்சரிக்கட்டும், தகப்பன் கேட்காமல் போகட்டும். சாவுகளுக்கு அப்போது ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கிருமி வசனத்தை வெட்டிவிடுங்கள். செட்சி ஈ மாட்டுக்குப் பரப்பும் நாகனா நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியை டேவிட் புரூஸ் ஜூலுலாந்தின் உபொம்போவில் கண்டது 1894-95இல்தான். 1878இல் ஈயின் விஷமே மாட்டைக் கொல்கிறது என்றுதான் நினைத்தார்கள். மாடு உடனே விழுவதும் இல்லை. தின்றுகொண்டே இளைக்கும், சில வாரங்களில் எலும்பும் தோலுமாகிச் சாகும். ஈக்காட்டின் விளிம்பில் வண்டியை நிறுத்திவிட்டு வேட்டைக்காரர்கள் நடந்தே உள்ளே போனது அதனால்தான். லிம்போபோவுக்கு வடக்கே மட்டபெலே நாட்டுக்குள் போவதென்றால் லோபெங்குலா மன்னரின் அனுமதியும் வேண்டும். உங்கள் வரைவில் அவர் பேரே இல்லை. ஆளில்லாத காட்டுக்குள் போவதுபோல் போகிறார்கள்.

மூத்த மகனின் பணம் தவறான வருஷத்தில் வருகிறது. ஜோகன்னஸ்பர்க்குக்குக் கேப் பக்கத்து ரயில் 1892இல் வந்துவிட்டது, டர்பன் ரயில் 1895இல். 1896 மார்ச்சில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் லிம்போபோவுக்கு வடக்கே புலவாயோவில் இறங்கி, சில வாரங்களில் லிம்போபோவைத் தாண்டியது. பாதையோரம் வண்டிகள் நுகத்தோடு நின்றன, இழுக்க மாடு இல்லை. அவன் சம்பாதிக்க வேண்டியது 1886இல் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைத்த பிறகு, ரயில் வருவதற்கு முந்திய அந்த ஆறு வருஷத்தில். சுரங்கத்துக்கான பாறை இடிக்கும் எந்திரங்கள் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் எருது இழுத்துத்தான் வந்தன. 1896ஐ அவன் எல்லாவற்றையும் இழக்கும் வருஷமாக வைத்துக்கொள்ளுங்கள்.